கை தூக்க ஒன்றரை வருடம்: கடலூரில் என் பிசியோதெரபி அனுபவம்

2024 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "மிஸ், ஏன் போர்டுல பாதிக்குக் கீழேயே எழுதுறீங்க? மறைக்குது மிஸ்" என்றான். அப்போதுதான் எனக்கே உறைத்தது. வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. வீட்டிலும் அதே கதைதான். பின்னால் கொக்கி மாட்ட மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சடை பின்ன முடியாமல் கிளிப்புக்கு மாறியிருந்தேன். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு மணிக்கு வலி எழுப்பிவிடும். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். வயது 51. சர்க்கரை எட்டு வருடமாக இருக்கிறது.

மார்ச்சில்தான் எலும்பு டாக்டரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தானே தூக்கிப் பார்த்தார், வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் வரவில்லை. "ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. காசு தண்டமோ என்று நினைத்தேன். தேய்மானம், சுண்ணாம்புப் படிவு மாதிரி வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்க்கத்தான் எக்ஸ்ரேயாம். தோள் மூட்டைச் சுற்றி உறை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. அது வீங்கி, தடித்து, சுருங்கிப்போவதுதான் இந்த நோய். பாஸ்டனில் காட்மன் என்ற அறுவை மருத்துவர் 1934இல் வைத்த பெயர் அது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகமாக வரும், வந்தால் லேசில் விடாது. ஸ்டீராய்டு ஊசி போட்டார். போடும் முன்பே, "சில நாளைக்குச் சர்க்கரை ஏறும், வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னது பெரிய உதவி. ஏறத்தான் செய்தது. சொல்லாமல் இருந்திருந்தால் பயந்திருப்பேன்.

முதலில் போன பிசியோ சென்டரின் பெயர் வேண்டாம். பத்து சிட்டிங்குக்கு மூவாயிரம் ரூபாய் முன்பணம். உள்ளே போனதும் படுக்கச் சொல்லி, தோளில் நான்கு பேடு ஒட்டி, கரன்ட் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எறும்பு ஊர்வது மாதிரி சுருசுருவென்று இருக்கும். இருபது நிமிடத்தில் மணி அடிக்கும். அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்டு ஐந்து நிமிடம், ஸ்கேன் இல்லை, ஒலி அலை வைத்தியம். அவ்வளவுதான். பத்து நாளில் ஒருவர்கூட என் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஏ.சி. அறையில் பத்து நாள் நல்ல தூக்கம் போட்டேன், அது ஒன்றுதான் லாபம். கை இருந்த இடத்திலேயே இருந்தது.

மெஷினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒத்தடமும் கரன்ட்டும் வலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அந்தச் சூட்டோடு கையை இழுத்துப் பயிற்சி செய்தால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு. இழுக்காமலேயே வீட்டுக்கு அனுப்பினால் அது வெறும் ஒத்தடம்தான்.

மே மாதம், உடன் வேலை பார்க்கும் டீச்சர் சொல்லி மஞ்சக்குப்பத்தில் ஒரு பெண் பிசியோவிடம் போனேன். பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டம் முடித்தவர், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். வீட்டு முன்னறையையே கிளினிக் ஆக்கியிருந்தார். முதல் நாள் எந்த மெஷினும் போடவில்லை. முக்கால் மணி நேரம் கேள்விதான். எந்தக் கையால் மாவு கரைப்பீர்கள், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடிகிறதா, ராத்திரி எத்தனை முறை விழிப்பு, என்னென்ன மாத்திரை, உடம்பில் பிளேட், பேஸ்மேக்கர் ஏதாவது உண்டா. ஒத்தடம் வைக்கும் முன் சூடும் குளிர்ச்சியும் தோலுக்குத் தெரிகிறதா என்று இரண்டு குழாயை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சர்க்கரைக்காரர்களுக்கு உணர்ச்சி மங்கியிருந்தால் சூடு பட்டுக் கொப்புளமே வந்துவிடுமாம். முதல் இடத்தில் இதை யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் ஒரு கருவியை எடுத்தார். பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்ம பாகைமானிதான்! இரண்டு நீளக் கை வைத்த பாகைமானி. கோனியோமீட்டர் என்கிறார்கள். கையை முன்னால் தூக்கினால் 95 பாகை, பக்கவாட்டில் 70, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து வெளியே திருப்பினால் வெறும் 15. நல்ல தோளுக்கு முதல் இரண்டும் 180 வரை போகும், மூன்றாவது ஆளுக்கு ஆள் 60இலிருந்து 90 வரை. வருடக்கணக்காக வகுப்பில் கோணம் நடத்தியவளுக்கு என் தோளே பாடமாகிவிட்டது. நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொடுத்தார். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் நாளே அளந்து எழுதுகிறார்களா என்று பாருங்கள். அளக்காத இடத்தில் முன்னேற்றம் என்பது அவர்கள் சொல்வதுதான்.

"எத்தனை நாள்ல சரியாகும்மா?" என்றேன்.

"நாள் கணக்கு இல்ல மேடம், மாசக் கணக்கு. வருஷம் தாண்டினாலும் தாண்டும்."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரிடம், "ஃபீஸ் பிடுங்கப் பார்க்கிறாள்" என்றுகூடச் சொன்னேன். அந்தப் பெண் சொன்னதுதான் நடந்தது. வாரத்துக்கு மூன்று முறை போனது, ஒரு மாதத்தில் இரண்டாகி, அப்புறம் ஒன்றானது. ஒரு சிட்டிங் 300 ரூபாய், முன்பணம் கிடையாது. ஃபீஸ் பிடுங்குகிறவர் இப்படிக் குறைக்க மாட்டார்.

மீதி எல்லாம் வீட்டு வேலை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். முதலில் ஊசல். சாப்பாட்டு மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. நான் கையை வலுவாக வீசிக்கொண்டிருந்தேன். "கிணத்து வாளி மாதிரி சும்மா தொங்கட்டும் மேடம். நீங்க உடம்பை ஆட்டுங்க, கை தானா ஆடும்" என்றார். சொல்ல ஒரு வரி, வர ஒரு வாரம்.

அடுத்தது சுவர். விரலால் பல்லி மாதிரி ஊர்ந்து மேலே போக வேண்டும். இதில் ஒரு கள்ளத்தனம் உண்டு. கை போகாவிட்டால் தோளைக் காதுவரை உயர்த்திவிடுவோம், இல்லையென்றால் உடம்பைச் சாய்த்துவிடுவோம், இரண்டு அங்குலம் ஏறிய மாதிரி இருக்கும். அவர் என் தோள்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு ஏறச் சொன்னார். உண்மையான உயரம் அன்றுதான் தெரிந்தது. சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினேன். பிள்ளைகள் வளர்வதைக் கோடு போட்டு வைப்போமே, அதே மாதிரி.

இருப்பதிலேயே அலுப்பானது வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சி. மல்லாந்து படுத்து, முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே மடித்த துண்டை வைத்துக்கொண்டு, பழைய குடைக் கம்பை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கை கெட்ட கையை வெளியே தள்ள வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றும் நடக்காத மாதிரியே இருக்கும். இறுக்கம் அதிகம் பிடிப்பது இந்தத் திருப்பலைத்தான், அதனால் இதை மட்டும் விடவே கூடாது என்றார். நான் விட்டது இதைத்தான்.

வலி பற்றி ஒரு விஷயம். பயிற்சியில் இழுவை வலி இருக்கும், கண்ணில் தண்ணீர் வர வேண்டியதில்லை. செய்து முடித்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் சரி. ராத்திரி வரை விண்விண் என்று தெறித்தால், மறுநாளும் அப்படியே இருந்தால், அதிகமாகிவிட்டது என்று பொருள், குறைக்க வேண்டும். "அழுத்திப் பிடிச்சு ஒரே இழுப்பில் எடுத்துடுவார்" என்று ஒரு நாட்டுக்கட்டுக்காரரைத் தெருவில் எல்லாரும் சொன்னார்கள். நல்லவேளை போகவில்லை.

இன்னொன்று, இது என் தப்பு. காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டிபன் சாப்பிடாமல் ஏழு மணி சிட்டிங்குக்குப் போய்விட்டேன். பாதியில் கை நடுங்கி, வேர்த்துவிட்டது. அந்தப் பெண் ஓடிப்போய்ச் சர்க்கரை கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தளர்வான, முன்பக்கம் திறக்கிற உடையாகப் போட்டுக்கொள்ளுங்கள். பெண் பிசியோ வேண்டுமென்றால் கூச்சப்படாமல் முன்பே கேளுங்கள்.

இனி நான் சறுக்கிய கதை. செப்டம்பர், அக்டோபரில் வலி போய்விட்டது. ராத்திரி நல்ல தூக்கம். கை முன்னால் 140 வரை வந்திருந்தது. வலிதான் இல்லையே, அப்புறம் என்ன என்று சிட்டிங்கை நிறுத்தினேன். பென்சில் கோடும் நின்றுபோனது. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம், ஊரே தண்ணீரில் நின்றது. உறவுக்காரர் வீட்டில் புகுந்த சேற்றை அள்ளிக் கழுவவே ஒரு வாரம் ஆனது. குடைக் கம்பை யார் தேடுவது?

2025 ஜனவரியில் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினேன், எட்டவில்லை. வெட்கத்தோடு மஞ்சக்குப்பம் போனேன். 118. அந்தப் பெண் திட்டவில்லை. நோட்டில் 140க்குக் கீழே 118 என்று எழுதிவிட்டு, "வலி முதல்ல போயிடும் மேடம், இறுக்கம் பின்னாடிதான் போகும். இந்த நடுவுலதான் முக்காவாசிப் பேர் நின்னுடுவாங்க" என்றார். இதை மே மாதமே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். சொன்னாராம். வலியில் இருப்பவள் காதில் அது எங்கே ஏறியது!

அதற்குப் பிறகு ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தேன். ஜூலையில் முன்னால் 165, வெளியே 60. முழுதாக 180 வரவில்லை, வராமலும் போகலாம் என்றார். எனக்குப் போதும். போர்டின் மேல் ஓரத்தில் தேதி எழுதுகிறேன், சடை பின்னிக்கொள்கிறேன், பரணிலிருந்து இட்லிப் பானையை நானே இறக்குகிறேன்.

மொத்தச் செலவு, முதல் மூவாயிரத்தையும் சேர்த்து, இருபத்தையாயிரம் தாண்டியது. படுக்கையில் சேராமல் செய்யும் பிசியோவுக்கு என் காப்பீட்டில் பைசா வரவில்லை. உங்களுடையதில் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். செலவு முடியாதென்றால் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். நடமாட முடியாத முதியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்கிறார்கள். பகுதி சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

போன மாதத்திலிருந்து இடது தோளில் ஒரு பிடிப்பு. சர்க்கரை இருந்தால் இன்னொரு பக்கமும் வரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இந்த முறை மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. பிடித்த நாலாம் நாளே போய் அளந்துகொண்டு வந்துவிட்டேன். வெளிப்பக்கம் 55. சமையலறைச் சுவரில் பழைய கோடுகளுக்கு இடப்பக்கம் புதுக் கோடு ஒன்று விழுந்திருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லி வைத்திருந்தார் எங்க வீட்டுக்காரர். இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.