ஹைபிரிட் கார், லிட்டருக்கு 28 என்றால் "எந்த ரோட்டில்?" என்று கேளுங்கள்

ஹைபிரிட் கார், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார், வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அதிலும் வாரத்தில் பாதி நாள் பைபாஸிலேயே ஓடுகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். லிட்டருக்கு 28 கிலோமீட்டர் என்று சொல்லி என்னிடம் விற்ற கார், கோவை – சேலம் ரோட்டில் 17-க்கும் 19-க்கும் நடுவில்தான் கொடுக்கிறது. வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட்டவும் சுகமாகத்தான் இருக்கிறது. என் சண்டை எல்லாம் அதை விற்ற விதத்தோடுதான். கம்பெனி பெயரும் ஷோரூம் பெயரும் இங்கே வேண்டாம், விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறது.

பம்ப்செட் உதிரிபாகம் சப்ளை செய்கிற தொழில் எனக்கு. ஈரோடு, சேலம், அவ்வப்போது ஓசூர். ஊருக்குள் ஓட்டுவது குறைவு, பெரும்பாலும் என்எச் 544-தான். ஷோரூமில் உட்கார்ந்ததுமே இதைச் சொன்னேன். சேல்ஸ் தம்பி யோசிக்கக்கூட இல்லை: "ஹைவேன்னா இன்னும் அதிகமாவே வருங்கண்ணா." முதல் பொய் அதுதான். சாதாரண பெட்ரோல் காருக்கு அது பொருந்தும், ஊருக்குள் 11 கொடுக்கும் வண்டி ஹைவேயில் 15 கொடுக்கும். ஹைபிரிடுக்கு இது அப்படியே தலைகீழ்.

காரணம் ரொம்ப எளிது. நீங்கள் பிரேக் போடும்போது சூடாகி வீணாகிற சக்தியை, மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியில் சேர்த்துவைக்கிறது. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது. கிளம்பி ஊர்ந்து போகும்போது மோட்டாரே வண்டியை இழுக்கிறது. ஆக, நெரிசல்தான் அதற்குத் தீனி. கோவை அவினாசி ரோட்டில் மேம்பாலத்தில் ஏறாமல் கீழே சிக்னல் சிக்னலாக நின்று போனால் என் காரே 23, 24 கொடுக்கிறது. பெருந்துறை தாண்டி 100-இல் ஒரே சீராகப் போகும்போது பிரேக்கே போடுவதில்லை, சேமிக்க அங்கே என்ன இருக்கிறது? பெரும்பாலான நேரம் இன்ஜின்தான் வண்டியைத் தள்ளுகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் 60-இல் இருந்ததைப் போல இரண்டே முக்கால் மடங்கு எதிர்ப்பு 100-இல் இருக்கும். பேட்டரியும் மோட்டாரும் அந்த நேரத்தில் கிட்டத்தட்ட கூட வரும் சுமை. இது சேல்ஸில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை. தெரிந்துதான் "எங்கே ஓட்டுவீர்கள்?" என்ற கேள்வியை அவர்களாக எடுப்பதே இல்லை.

அப்புறம் டெஸ்ட் டிரைவ். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மற்றவர்களிடமும் இதே நாடகம் நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். "ஏசி குளிரட்டுங்கண்ணா" என்று சொல்லி அந்தத் தம்பி முதலில் தான் மட்டும் வண்டியை எடுத்து ஒரு சுற்று போய்வந்தார். நான் ஏறும்போது இன்ஜின் நன்றாகச் சூடாகியிருந்தது, திரையில் பேட்டரிக் கோடுகள் மேலே வரை நிரம்பியிருந்தன. பிறகுதான் என் கண் முன்னாலேயே டிரிப் மீட்டரை அழுத்தினார். "பாருங்கண்ணா, ஜீரோ பண்ணிட்டேன்." ரொம்ப நேர்மையாகத் தெரியும், இல்லையா? ஆனால் இந்த வகைக் காரில் பேட்டரி சின்னது, நிறைந்திருந்தால் மெதுவாக ஓட்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் பெட்ரோலே இல்லாமல் போகலாம். நாங்கள் போனது மேடு பள்ளமில்லாத, ஆளரவமற்ற ஒரு சின்ன வட்டம். திரும்பி வரும்போது திரையில் 38 என்று நின்றது. போனில் அதைப் படம் எடுத்துத் தந்து, "வீட்டுல காட்டுங்க" என்றார். பேட்டரியை நிரப்பச் செலவான பெட்ரோல் ஜீரோ பண்ணுவதற்கு முன்பே எரிந்து முடிந்திருந்தது. அது அந்தக் கணக்கில் எங்குமே வராது.

இதைவிட மோசம் அவர் வெள்ளைத் தாளில் போட்டுத் தந்த கணக்கு. சாதாரண பெட்ரோல் மாடலுக்கு 11 என்று எழுதினார், அது ஊருக்குள் நிஜமாகக் கிடைப்பது. ஹைபிரிடுக்கு 28 என்று எழுதினார், அது சோதனைக்கூடத்தில் கிடைத்தது. வருஷம் 15,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு எண்பதாயிரத்துக்கு மேல் மிச்சம் காட்டுகிறது, கூடுதலாகக் கொடுத்த பணம் நாலு வருஷத்துக்குள் திரும்பிவிடும்போலத் தோன்றும். என் ரோட்டில் நடப்பதை வைத்துப் போட்டுப் பாருங்கள்: பெட்ரோல் கார் 15, ஹைபிரிட் பதினெட்டரை. மிச்சம் சுமார் 19,000 ரூபாய். விலை வித்தியாசம் மட்டுமே இரண்டரை லட்சம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அந்த இரண்டரை லட்சத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், மின்சார கார்களுக்குக் கிடைத்த வரிச் சலுகை ஹைபிரிடுக்குக் கிடையாது. இன்சூரன்ஸும் ஏறுகிறது. மொத்தம் மூன்று லட்சம் என்று வையுங்கள், பணம் திரும்ப பதினைந்து வருஷத்துக்கு மேல். காரையே அவ்வளவு நாள் வைத்திருப்பேனா தெரியாது.

அந்த 28 அப்படியே கட்டுக்கதையும் இல்லை. புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்புகள் எம்ஐடிசி என்ற முறையில் அளப்பது. காரை ரோட்டில் ஓட்டுவதில்லை, உருளைகள் மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். சுமார் இருபது நிமிஷம், பத்தரை கிலோமீட்டர் சொச்சம், சராசரி வேகம் 30-க்குக் கொஞ்சம் மேல், உச்சமே 90. ஏசி போடுவதில்லை. நிற்பதும் கிளம்புவதுமாக அதில் நிறைய நேரம் போவதால், நின்றால் இன்ஜினை அணைக்கும் ஹைபிரிடுக்கு அந்தச் சோதனையே தோதாக அமைந்துவிடுகிறது. எல்லாக் கார்களுக்கும் சோதனை எண்ணுக்கும் ரோட்டு எண்ணுக்கும் இடைவெளி உண்டு, ஹைவே ஓட்டுகிறவருக்கு ஹைபிரிடில் அது பள்ளத்தாக்கு. விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் "மோட்டார் வாகன விதி 115-இன்படி சோதனை அமைப்பு சான்றளித்தது" என்று இருக்கும். நான் புகார் சொன்னதும் ஷோரூம் மேனேஜர் அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் காட்டினார். விற்கும்போது அந்த விரல் எங்கே போயிருந்தது என்று கேட்டேன், பதில் இல்லை.

சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. ஃபர்ஸ்ட் சர்வீஸ் முடியட்டும். 5,000 கிலோமீட்டர் தாண்டட்டும். "உங்க கால் கொஞ்சம் வெயிட்டுங்க." கடைசியில் எத்தனால் மேல் பழி. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்க்குகளில் வருகிறது, எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எல்லாம் சரி. அதன்படி பார்த்தாலும் ஆறேழு சதவீதம்தான் இறங்க வேண்டும். 28-இல் ஏழு சதவீதம் போனால் 26. என் பத்து கிலோமீட்டரை எத்தனாலா குடித்தது?

விடாமல் கேட்டதும் "மைலேஜ் டெஸ்ட் எடுத்துக் காட்டுகிறோம்" என்றார்கள். பங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பினார்கள். எல் அண்ட் டி பைபாஸில் ஒரு டெக்னீஷியன் ஓட்டினார், நான் பக்கத்தில். ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி, 55-ஐத் தாண்டாமல் இடது ஓரமாகவே போனார். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்து எங்களைத் தாண்டிப் போயின. எனக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. கிடைத்தது 25. ஜாப் கார்டில் "மைலேஜ் சரியாக உள்ளது, வாடிக்கையாளர் திருப்தி" என்று தயாராக எழுதிவைத்துக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். நான் பேனாவை வாங்கி அதற்குக் கீழே "ஏசி இல்லாமல், 55-க்கு மேல் போகாமல் எடுத்த அளவு, எனக்குத் திருப்தி இல்லை" என்று எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அட்வைசர் முகம் சுருங்கிவிட்டது. உங்களிடமும் இப்படி நீட்டினால் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெலிவரி நேரத்தில் "மைலேஜ் கூடும்" என்று சொல்லி இன்ஜின் கோட்டிங் ஒன்றை ஆக்சஸரீஸ் பில்லில் சேர்த்திருந்தார்கள். புத்தம் புது இன்ஜினுக்கு எதற்கு? சத்தம் போட்டதும் அந்தப் பணம் மட்டும் திரும்ப வந்தது.

இன்னொன்று. பின்னால் ஹைபிரிட் என்று எழுத்து ஒட்டியிருந்தாலே ஹைபிரிட் என்று நினைத்துவிடாதீர்கள். மைல்ட் ஹைபிரிட் என்பதில் பெல்ட் போட்ட ஒரு சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், அவ்வளவுதான். அது தனியாக வண்டியை ஓட்டாது. "இன்ஜின் அணைந்திருக்கும்போது வண்டி நகருமா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு சி-மேக்ஸ் ஹைபிரிடுக்கு காலனுக்கு 47 மைல் என்று போட்டிருந்த எண்ணை 2013-இல் 43-ஆகக் குறைத்து, வாங்கியவர்களுக்கு 550 டாலர் கொடுத்தார்கள். அதாவது நாலு மைல் குறைந்ததற்கு.

வாங்குவதற்கு முன் என்ன செய்யலாம்? அதே மாடல் செல்ஃப் டிரைவ் வாடகைக்குக் கிடைக்கிறதா பாருங்கள். ஒரு நாள் எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் ரோட்டில், வழக்கமான வேகத்தில், ஏசி போட்டு, வீட்டு ஆட்களோடு ஓட்டுங்கள். கிளம்பும்போது டேங்க்கை நிரப்பி, திரும்பியதும் அதே பங்க்கில் அதே பம்ப்பில் நிரப்பி, ஊற்றிய லிட்டரைக் கொண்டு வகுத்துப் பாருங்கள். திரை காட்டும் எண்ணை எழுதிவைக்கலாம், நம்ப வேண்டாம். என் காரில் அது எப்போதும் லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை கூட்டித்தான் காட்டுகிறது. மைலேஜ் பற்றி ஷோரூமில் என்ன சொன்னாலும் "இதை வாட்ஸாப்பில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். என் கேஸில் அந்த வெள்ளைத் தாளில் முத்திரை இல்லை, ஆனால் 38 காட்டும் படத்தையும் தாளின் படத்தையும் அந்தத் தம்பியே தன் ஷோரூம் நம்பரிலிருந்து அனுப்பியிருக்கிறார். வக்கீல் முதலில் கேட்டதே அதைத்தான்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிந்தால் கம்பெனியிலிருந்து எழுத்தில் ஒரு பதிலாவது வரும். எனக்கு வந்தது, அதே விதி 115. அடுத்து மாவட்ட ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 10 முதல் 20 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். ஜெயிக்குமா என்று கேட்கிறார்கள். கேரளத்தில் திருச்சூர் மாவட்ட ஆணையம் 2022-இல் ஒரு டீசல் கார் வழக்கில், விளம்பரத்தில் 30-க்கு மேல் சொல்லிவிட்டு நிபுணர் சோதனையில் 19.6 வந்ததற்காக மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்த உத்தரவின் நகலை என் மனுவோடு சேர்க்கப் போகிறோம். வண்டியை ஆணையம் நியமிக்கும் ஆளே ஓட்டிப் பார்க்கட்டும், ஏசி போட்டு, சேலம் ரோட்டில் என்று கேட்டிருக்கிறேன்.