ஸொட்டேரோ: மாணவர் அளிக்கைகளுக்கு உகந்த மேற்கோள் மென்பொருள்

திருகோணமலை மாணவர்களின் அளிக்கைகளில், புறாமலைப் பவளப்பாறைகளின் படங்களும் தரவுகளும் எங்கிருந்து பெறப்பட்டன என்று சொல்லாமல், கடைசிச் சிலைட்டில் ‘இணையம்’ என்று மட்டும் எழுதிவிடுவது கவலைக்குரியது. இதற்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது, 2006இல் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவான ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளாகும்.

உலாவியில் கட்டுரையைத் திறந்து ஸொட்டேரோவின் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு ஆகியவை தாமாகவே சேமிக்கப்படும். வேர்டுக்குள் நேரடியாக இயங்கும் இம்மென்பொருளுக்குப் பவர்பொயின்டில் அவ்வசதி இல்லாததால், ஸொட்டேரோவில் உரிய பதிவைத் தெரிவுசெய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ விசைகளை ஒருசேர அழுத்திச் சுருக்க மேற்கோளைப் பிரதியெடுத்து, அத்தரவு இடம்பெறும் அதே சிலைட்டில் ஒட்ட வேண்டும். முழு விபரத்துக்கு, ‘ஏ’ விசைக்குப் பதிலாக ‘சி’ விசையை அழுத்த வேண்டும்.

நம்மவர் பெயர்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. தந்தை பெயரையும் சேர்த்து எழுதும் நமது வழக்கத்தை அறியாத மென்பொருள், பெயரைத் தவறான இடத்தில் பிரித்து, ஆசிரியரின் தந்தையையே ஆசிரியராக்கிவிடக்கூடும். பெயருக்கு அருகிலுள்ள சிறு குறியை அழுத்தி, முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற இரு கட்டங்களையும் ஒன்றாக்கி, பெயரை முழுமையாக எழுதுவதே அந்த எழுத்தாளருக்குச் செய்யும் நியாயம். ஒளிப்படங்களுக்கு, எடுத்தவர் பெயரையும் உரிம விபரத்தையும் படத்தின் கீழேயே எழுத வேண்டும்.