பைத்தானில் ஜிப்பா, ஜிப்_லாங்கஸ்ட்டா, ஸ்ட்ரிக்ட்டா? கூலிக் கணக்குக்கு எது சரி

ஏற்காட்டில் காபிப் பறிப்பு நடக்கும் மாதங்களில் சாயங்காலக் கணக்கு என்பது இரண்டே பட்டியல்தான்: ஆட்களின் பெயர், எடை போட்ட கிலோ. இரண்டையும் பைத்தான் நிரல்மொழியில் ஜோடி சேர்த்துக் கூலிச் சீட்டு எடுக்க மூன்று வழி உண்டு. மாமாவின் எஸ்டேட்டுக்கு நான் வைத்திருப்பது மூன்றாவதான ஸ்ட்ரிக்ட். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

வெறும் ஜிப், சின்னப் பட்டியல் முடிந்ததும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் ஆளைப் பற்றி மூச்சே விடாது. ஒரு பக்கம் முடிவில்லாமல் ஓடும் வரிசை எண்ணாக இருந்தால் மட்டும் இதுதான் வசதி.

பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ஜிப்_லாங்கஸ்ட் பெரிய பட்டியலின் கடைசிவரை போகும். குறையும் இடத்தில் ஃபில்வேல்யூவில் நாம் சொன்னதை நிரப்பும். யாரும் விட்டுப்போகவில்லை என்று மனசு நிம்மதியாகும். சிக்கலே அங்கேதான்.

முருகன், செல்வி, பழனி, ராணி என்று நான்கு பேர். செல்வியின் எடையை மேஸ்திரி எழுத விட்டுவிட்டார். பட்டியலில் இருப்பது 42, 38, 51. ஃபில்வேல்யூ பூஜ்யம் என்று வைத்தால் ஜிப்_லாங்கஸ்ட் என்ன செய்யும்? பழனி பறித்த 38 செல்விக்குப் போகும், ராணியின் 51 பழனிக்கு, ராணிக்குப் பூஜ்யம். விடுபட்டது நடுவில், இட்டு நிரப்புவதோ எப்போதும் வாலில். ராணி சண்டைக்கு வருவார், சரி. 13 கிலோ கூடுதலாக வாங்கிய பழனி எதற்கு வாய் திறக்கப்போகிறார்? வெறும் ஜிப்பிலும் இதே குளறுபடிதான், ராணியின் பெயரே காணாமல் போவது மட்டும் வித்தியாசம்.

ஜிப்புக்குள் ஸ்ட்ரிக்ட்=ட்ரூ என்று போட்டால் நீளம் ஒத்துவராதபோது வேல்யூஎரர் என்ற பிழை வரும், எந்தப் பட்டியல் குறைகிறது என்றும் சொல்லும். மேஸ்திரியைக் கூப்பிட்டு நோட்டைப் பார்த்துவிடலாம். 2021இல் வந்த பைத்தான் 3.10இலிருந்துதான் இந்த வசதி. பழைய லேப்டாப் என்றால் நீளம் சொல்லும் லென் போட்டு நாமே ஒப்பிட வேண்டியதுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். பட்டியல் தீரும்போதுதான் பிழை கிளம்பும். ஜோடி ஜோடியாக எடுக்கும் ஃபார் சுற்றுக்குள்ளேயே சீட்டு அச்சடித்தால், தப்பான இரண்டும் சேர்த்து முதல் மூன்று சீட்டும் வெளியே வந்தபிறகே நிற்கும். அதனால் முதலில் மொத்தத்தையும் லிஸ்ட்டுக்குள் போட்டுவிட்டு, அப்புறம் அச்சடிக்கிறேன். எங்கள் ஆள்கணக்குக்கு இது ஒன்றும் பாரமில்லை. லட்சக்கணக்கான வரிகளில் ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

ஒருவர் எடை விட்டுப்போய், இன்னொருவர் எடை இரண்டு தடவை ஏறியிருந்தால் நீளம் சமமாகிவிடும், ஸ்ட்ரிக்ட்டும் பேசாது. அதற்கு ஆளின் டோக்கன் எண்ணோடு எடையைச் சேர்த்து வைக்கும் டிக்‌ஷனரிதான் கட்ட வேண்டும். மேஸ்திரி டோக்கன் எழுதச் சம்மதித்தால்.