புது நெல்லுக்குச் சூடு, புதுக் கோதுமைக்குக் குளிர்

பினாங்கின் செபராங் பிறையில் நேற்று அறுத்த நெல்லை முளைப்பாரிக்கு ஊறவைத்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். விதை கெட்டதல்ல, உறங்குகிறது. அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் தூங்க வைக்கும். ஜிப்பரெல்லின் என்ற இன்னொரு ஹார்மோன் எழுப்பி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமிலேஸ் நொதியைச் சுரக்கச் செய்யும்.

நெல்லை எழுப்ப உலர் சூடு: ஆய்வகங்களில் 50 டிகிரி செல்சியஸில் சுமார் 5 நாள் வைப்பார்கள்.

புதிதாக அறுத்த கோதுமையும் பார்லியும் நேர்மாறு. நனைத்து 10 டிகிரியில் வைத்தால் முளைவிடும். பினாங்கின் 30 டிகிரியிலோ அதே ஈரத்திலும் அசையாது. அந்தச் சூட்டில் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்வதில்லை. (கடைக் கோதுமை மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்தது, உறக்கம் தானே கலைந்திருக்கும்.)

வீட்டில் செய்வோருக்கு நான் சொல்வது: புதுக் கோதுமை கிடைத்தால் நனைத்து ஐஸ்பெட்டியில் (ஃபிரிட்ஜில்) சில நாள் வையுங்கள். நெல்லை நன்றாகக் காயவைத்துச் சில வாரம் பொறுங்கள்.