பழைய பீவி 5150: எது பழுது, எது குணம்

1992-ல் கிட்டாரிஸ்ட் எடி வான் ஹேலனோடு சேர்ந்து பீவி கம்பெனி கொண்டுவந்த 5150 ஹெட் (ஸ்பீக்கர் தனியாக இணைக்கும் ட்யூப் கிட்டார் ஆம்ப்), 2004-ல் அவர் விலகிப் போனபின் 6505 என்று பெயர் மாறியது. சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான். 'ஆரம்பகால மாடல்' என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காசு ட்யூபுக்கு (ஆம்பில் மாற்றக்கூடிய வெற்றிடக் குழாய்) உதவும்.

பார்க்கப் போகும்போது முதலில் பின்பக்க வோல்டேஜ் லேபிளைப் பாருங்கள். அமெரிக்க 120 வோல்ட் மாடல் என்றால் இங்கே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும். லேபிளில் உள்ள வாட்டைப்போல இரு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய மெயின் டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும்.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்ய விடவே கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். கேபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) ஓம்ஸும் பின்பக்க ஸ்விட்சும் பொருந்த வேண்டும். அரை மணி நேரமாவது ஓடவிட்டு, விளக்கை அணைத்து நான்கு 6எல்6ஜிசி பவர் ட்யூப்களையும் பாருங்கள். இழை ஆரஞ்சாக ஒளிர்வது இயல்பு. வெளியே உள்ள சாம்பல் நிறத் தகடே சிவந்தால் ட்யூபோ பயாஸோ (ட்யூபில் சும்மா இருக்கும்போது ஓடும் கரண்டின் அமைப்பு) போயிருக்கிறது.

சத்தம் திடீரென இறங்கி ஏறுகிறதா? பின்பக்க எஃபெக்ட்ஸ் லூப்பின் (எஃபெக்ட் கருவிகளை இணைக்கும் ஜாக்குகள்) சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு பேட்ச் கேபிள் போடுங்கள். சரியானால், ஜாக்குக்குள் உள்ள ஸ்விட்ச் காண்டாக்ட் அழுக்கேறியிருக்கிறது, அவ்வளவுதான். காண்டாக்ட் கிளீனரில் தீரும் இதைக் காட்டியே நல்ல பேரம் பேசலாம்.

லீட் சேனலில் (அதிக டிஸ்டார்ஷன் தரும் சேனல்) இரைச்சல் இருக்கும், அது பிறவிக் குணம். பென்சிலால் 12ஏஎக்ஸ்7 ட்யூப்களை (சிறிய ப்ரீஆம்ப் ட்யூப்கள்) மெல்லத் தட்டும்போது லேசாக 'டக்' என்று கேட்டாலும் பரவாயில்லை. மணிபோல் நீண்டு ஒலித்தால் அந்த ட்யூபை மாற்றணும். எல்லா வால்யூமையும் இறக்கியபின்னும் 'ம்ம்' என்று முனகினால் ஃபில்டர் கெப்பாசிட்டர்களையோ ஜோடி சேராத பவர் ட்யூப்களையோ சந்தேகப்படலாம். கெப்பாசிட்டருக்கு வயது 20-ஐத் தாண்டியிருந்தால் அதை மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். அணைத்த பிறகும் உயிர்க்கொல்லி வோல்டேஜ் அவற்றில் தங்கியிருக்கும் என்பதால், திறப்பது டெக்னீஷியன் வேலை.

நாள்பட்டுப் பழகினால் தெரிவது வேறு. டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டும் ப்ரீ கெயின் குமிழ் 4-ஐ ஒட்டி இருந்தாலே போதும். 6-க்கு மேலே டிஸ்டார்ஷன் பெரிதாகக் கூடுவதில்லை, பேஸ் சத்தம் குழைந்துபோகும். முன்னால் ஒரு ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் (டிரைவ் பூஜ்யம், லெவல் முழுக்க) வைத்தால் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, பாம் மியூட்டை (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பதை) இறுக்கித் தரும். சத்தத்தைக் கூட்டும் போஸ்ட் குமிழ் ஆரம்பத்திலேயே பாய்ந்துவிடும். 120 வாட் வீட்டுக்கு ஆகாது. லோட் பாக்ஸ் (ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் பவரை வாங்கிக்கொள்ளும் பெட்டி) இல்லாமல் வாங்குவது வீண். இரண்டு சேனலுக்கும் ஒரே ஈக்யூ என்பதுதான் உண்மையான குறை: லீடுக்கு அமைத்தால் கிளீன் மந்தமாகிவிடும்.

பயாஸ் நிலையாக வைத்தது, அதுவும் குளிர்ச்சியாக. ஒரு ட்யூபுக்குப் பெரும்பாலும் 20 மில்லி ஆம்பியருக்குள்தான் ஓடும். அந்தச் சொரசொரப்பு பிடித்தவர்கள் தொடவே வேண்டாம். உறுத்தினால் டெக்னீஷியனிடம் ஒரு பயாஸ் பாட் (பயாஸைத் திருகி மாற்றும் குமிழ்) போடச் சொல்லலாம். அதற்கு முன், கரண்ட் அதிகம் இழுக்கும் என்று தரம்பிரித்த மேட்ச்டு குவாட் (ஒத்த அளவுள்ள நான்கு ட்யூப்) கேட்டு வாங்கிப் பாருங்கள்.