சேம்பர் பேக்கிங் போச்சு என்று பார்த்த உடனே சொல்லும் பட்டறையிடம் உஷார்

பழைய பிக்கப் வைத்து ஓட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். என்னுடையது 2011 மாடல் பொலிரோ பிக்கப், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி லோடு அடிக்கிற வண்டி, டிரைவர் கிடையாது, நானேதான் ஓட்டுகிறேன். இன்ஜினுக்கு அடியில் ஆயில் ஒழுகியது. (சேம்பர் என்பது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி, பேக்கிங் என்பது ரெண்டு பாகம் சேருகிற இடத்தில் ஆயில் கசியாமல் வைக்கிற அடைப்பு.) அதைச் சரிபண்ண ஒரு பட்டறை 11,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒழுகலையும் நிறுத்தாமல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினையும் சீஸ் ஆகிற, அதாவது உள்ளே இறுகி நின்றுபோகிற நிலைக்குக் கொண்டுவந்து விட்டது. பட்டறை பெயரைப் போடவில்லை, புகார் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்கள் செய்த விதம்தான் முக்கியம், ஏனென்றால் இதே வேலையை இதே மாதிரி செய்கிற பட்டறை எந்த ஊரிலும் இருக்கும்.

வண்டியை உள்ளே விட்டதும் ஒரு பையன் அட்டையைப் போட்டுப் படுத்து அடியில் டார்ச் அடித்தான். ஒரு நிமிஷம் இருக்காது, "சேம்பர் பேக்கிங் போச்சுண்ணே, இன்ஜினைத் தூக்கினாத்தான் சேம்பர் வெளிய வரும்" என்று எழுந்து வந்துவிட்டான். அடிப்பக்கம் முழுக்க ஆயிலும் மண்ணும் சேர்ந்து ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. அதைக் கழுவக்கூட இல்லை. கழுவாமல் எங்கிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "டெய்லி நாலு வண்டி பாக்குறோம்ணே" என்றார் ஓனர். இந்தப் பதிலைக் கேட்டால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். அன்றைக்கு ராத்திரியே லோடு இருந்ததால் எனக்கு வேறு வழி இல்லை.

சேம்பர்தான் இன்ஜினிலேயே கீழே இருக்கிற பகுதி. மேலே எங்கே ஒழுகினாலும் ஆயில் பிளாக்கின் மேல் இறங்கி, சேம்பர் விளிம்பில் சேர்ந்து, அங்கிருந்துதான் சொட்டும். டாப்பெட் கவர், அதாவது இன்ஜினின் மேல் மூடி, அதன் பேக்கிங் போயிருக்கலாம், ஆயில் பிரஷர் சுவிட்ச் கசியலாம், ஆயில் ஃபில்டர் சரியாக உட்காராமல் இருக்கலாம், கிராங்க்கின் பின்பக்க சீல் போயிருக்கலாம், எல்லாமே கீழே இருந்து பார்த்தால் சேம்பர் பேக்கிங் மாதிரியேதான் தெரியும். போதாததற்கு ஓடும்போது அடிக்கிற காற்று ஆயிலைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் டீசலோ டிகிரீசரோ போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, மேலே இருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். ஈரம் எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறதோ அங்கேதான் கோளாறு. அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கிற சாயம் கிடைக்கிறது, யூவி லைட் அடித்தால் கசிகிற இடம் பச்சையாக ஒளிரும். பெரிய செலவெல்லாம் இல்லை.

இதில் எதையும் செய்யாமல் சாயங்காலமே வண்டியைக் கொடுத்தார்கள். பில்லில் ஒரிஜினல் பேக்கிங், ஆயில், ஃபில்டர், இன்ஜின் மவுண்ட் (இன்ஜினை வண்டியோடு பிடித்து வைக்கிற தாங்கி) கழற்றித் தூக்கி இறக்கிய கூலி என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. பாதித் தொகை அந்தக் கூலிதான்.

ரெண்டு மூணு லோடு தாண்டவில்லை, நிறுத்துகிற இடத்தில் மறுபடியும் ஆயில் கறை. கேட்டால் "புது பேக்கிங் செட் ஆக டைம் எடுக்கும்" என்கிறார்கள். புது பேக்கிங் செட் ஆவதற்காக ஒழுகும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்புறம் வந்ததுதான் பயங்கரம். லோடோடு மேடு ஏறி வந்து சூடாக ஐடிலில் நின்றால் டேஷ்போர்டில் ஆயில் லைட் மின்ன ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடும். போன் பண்ணினேன், "சென்சார் வீக்கா இருக்கும், ஓட்டுங்க, பழைய வண்டின்னா அப்படித்தான்" என்றார் ஓனர். ஆயில் லைட் எரியும்போது ஓட்டச் சொல்கிற மெக்கானிக்கை நம்பவே நம்பாதீர்கள். ஆயில் பிரஷர் இல்லாமல் ஓட்டினால் முதலில் பேரிங் போகும், அப்புறம் கிராங்க், பழைய பிக்கப்பின் விலையில் பாதியை அந்த வேலையே தின்றுவிடும்.

வண்டியை அங்கேயே ஆஃப் பண்ணி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, டவுனில் சின்னதாக ஷெட் போட்டிருக்கும் ஒரு பெரியவரிடம் விட்டேன். அவர் உடனே இன்ஜினைப் பிரிக்கவில்லை. பிரஷர் சுவிட்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆயில் பிரஷர் காட்டுகிற ஒரு கேஜை மாட்டினார். குளிர்ந்த இன்ஜினில் முள் நன்றாக நின்றது, சூடானதும் ஐடிலில் படுத்துவிட்டது. "சென்சார் நல்லாத்தான் இருக்கு தம்பி, அது உண்மையச் சொல்லிருக்கு" என்றார்.

சேம்பரை இறக்க அடியில் போனவர் என்னையும் கூப்பிட்டு இன்ஜின் மவுண்ட் போல்ட்டைக் காட்டினார். போல்ட் தலையைச் சுற்றிப் பழைய செம்மண்ணும் கிரீஸும் கெட்டியாக இறுகி உட்கார்ந்திருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. கழற்றித் தூக்கியதாகக் காசு வாங்கிய போல்ட் இது! இன்ஜினைத் தூக்காமலே சேம்பர் வெளியே வந்தது. என் இன்ஜினுக்குப் பேக்கிங் உண்டு, ஆனால் உள்ளே பேக்கிங்கே இல்லை. சிலிக்கான் பேஸ்ட்டை மட்டும் பிதுக்கித் தடவி மூடியிருக்கிறார்கள். சில இன்ஜின்களுக்குக் கம்பெனியிலேயே பேஸ்ட் மட்டும்தான், அது தப்பில்லை, அதற்கும் ஒரு மெல்லிய கோடு போதும், காய நேரம் விட வேண்டும். இவர்கள் கோடு போடவில்லை, பூசியிருக்கிறார்கள். இறுக்கும்போது மிச்சம் உள்பக்கமாகப் பிதுங்கி, சேம்பருக்குள் சேமியா மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்து விழுந்த துண்டுகள் ஆயில் பம்ப் உறிஞ்சுகிற ஸ்ட்ரெய்னர் வலையில் போய் ஒட்டி, வலையில் முக்கால்வாசியை அடைத்துவிட்டன. லைட் மின்னியதற்குக் காரணம் இதுதான். பழைய பேஸ்ட் மேலேயே புதுசைத் தடவியதால் ஒரு பக்கம் பிடிக்கவும் இல்லை.

ஒரு போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கி உடைத்து, அந்த ஓட்டையையும் பேஸ்ட் வைத்து மறைத்திருந்தார்கள். ட்ரெயின் பிளக் மரை போயிருந்தது, வெள்ளை டேப் சுற்றித் திணித்திருந்தார்கள். சேம்பர் போல்ட்டெல்லாம் சின்னது, 6 எம்எம் போல்ட் என்றால் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் முறுக்க வேண்டும். நீளக் கைப்பிடி போட்டு இழுத்தால் போல்ட் உடையும், இல்லையென்றால் தகடு ஓட்டையைச் சுற்றிக் குழிந்து, எந்தப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும்.

சரி, ஆரம்பத்தில் ஒழுகியது எங்கே? டாப்பெட் கவரின் பின் மூலை. ப்ரீதர் பைப் உள்ளே கரி பிடித்து அடைத்திருந்தது. இன்ஜினுக்குள் சேர்கிற காற்று வெளியேற வழி இல்லாமல் டாப்பெட் கவர் வழியாக ஆயிலைத் தள்ளியிருக்கிறது. ப்ரீதரைக் கழற்றிச் சுத்தம் பண்ணி, கவர் பேக்கிங் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, ஆயிரம் ரூபாய்க்குள்.

பெரியவர் சேம்பரைக் கழுவி, விளிம்பை மரக்கட்டை மேல் வைத்துத் தட்டிச் சமப்படுத்தி, உடைந்த போல்ட்டை எடுத்து, புது மரை போட்டு, ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் பண்ணி, என்னையே கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்ன பேக்கிங்கைப் போட்டார். ராத்திரி முழுக்க விட்டு மறுநாள்தான் ஆயில் ஊற்றினார். இப்போது கேஜில் பிரஷர் நிற்கிறது, அடியும் காய்ந்து கிடக்கிறது. பேரிங் தப்பித்தது என் அதிர்ஷ்டம்.

உங்களுக்கு இந்த வேலை வந்தால், கழுவிப் பார்க்காமல் எஸ்டிமேட் வாங்காதீர்கள். பேக்கிங்கை நீங்களே பார்ட் நம்பர் சொல்லி வாங்கிக் கொடுங்கள், கழற்றிய பழைய பேக்கிங்கையும் ஆயில் காலி டப்பாவையும் கையில் வாங்குங்கள். ஆயில் கலரை வைத்துப் புதுசா பழசா என்று டீசல் வண்டியில் கண்டுபிடிக்க முடியாது, கொஞ்ச நேரம் ஓடினாலே கறுத்துவிடும், டப்பாதான் சாட்சி. இன்ஜின் தூக்க வேண்டும் என்றால், விடுவதற்கு முன்னாலேயே மவுண்ட் போல்ட்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பில் வேண்டாம், ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் கேளுங்கள்.

நியாயம் கேட்கப் போனபோது, "வாடகை வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட் எல்லாம் செல்லாது" என்று மிரட்டினார் ஓனர். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த மட்டும் வாங்கிப் பயன்படுத்துகிற பொருளை வணிகப் பயன்பாடு என்று எடுத்துக்கொள்வதில்லை என்று தெளிவாகவே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணிப் பதிவு செய்யலாம், நான் செய்துவிட்டேன். பில், மவுண்ட் போல்ட் போட்டோ, ஸ்ட்ரெய்னர் வீடியோ, பெரியவர் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் இருக்கிறது. பேஸ்ட் ஒட்டிய அந்தச் சேமியாவைக்கூட ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று ஓனர் ஆள் விட்டு, பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்கு என்கிறார். முழுப் பணமும், பெரியவருக்குக் கொடுத்த கூலியும் வந்தால்தான் பேச்சு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.