ஹெடரில் குளோபல் வேரியபிள்: ஸ்டாட்டிக்கா, எக்ஸ்டர்னா?

சி மொழியில், பல ஃபைல்கள் பகிரும் ஹெடர் ஃபைலில் ‘இன்ட் கவுன்ட்;’ என்று ஒரு குளோபல் வேரியபிள் வரி. மெயின், யூட்டில் என்ற இரண்டு சி ஃபைல்களும் அதை இன்க்ளூட் செய்கின்றன. பழைய ஜிசிசி (சி கம்பைலர்) இதைக் கண்டுகொள்ளாது. 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல், ‘மல்டிபிள் டெஃபனிஷன்’ என்று, கம்பைல் ஆன ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் லிங்கர் நின்றுவிடும். ஹெடரில் இன்க்ளூட் கார்டு (#ifndef வரிகள்) போட்டும் பயனில்லை. அது ஒரே சி ஃபைலுக்குள் ஹெடர் இரண்டு முறை வருவதைத்தான் தடுக்கும்.

முன்னால் ஸ்டாட்டிக் போடுவது சுலபம். ஒரே சொல், எரர் போய்விடும். ஆனால் ஒவ்வொரு சி ஃபைலுக்கும் தனித்தனி கவுன்ட். யூட்டிலில் 5 என்று மாற்றினாலும் மெயினில் பிரின்ட் செய்தால் 0தான் வரும். இதற்கு லிங்கர் திட்டியதே தேவலை.

வேரியபிள் வேறு இடத்தில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் எக்ஸ்டர்னில் கொஞ்சம் கூடுதல் வேலை. ஹெடரில் ‘எக்ஸ்டர்ன் இன்ட் கவுன்ட்;’, ஒரே ஒரு சி ஃபைலில் மட்டும் ‘இன்ட் கவுன்ட் = 0;’. இரண்டாவது வரியை மறந்தாலோ, அந்த ஃபைலை கம்பைல் கமாண்டில் விட்டுவிட்டாலோ ‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்’ வரும். அப்போது ஆப்ஜெக்ட் ஃபைல்களை (கம்பைல் ஆன .o ஃபைல்கள்), அவற்றில் உள்ள பெயர்களைக் காட்டும் ‘என்எம்’ (nm) கமாண்டில் பாருங்கள். கவுன்ட்டுக்கு முன் ‘யு’ (U) இருந்தால் அந்த ஃபைல் அதை வெளியே தேடுகிறது. ‘பி’ (B) அல்லது ‘டி’ (D) இருந்தால் அங்கேதான் இருக்கிறது.

ஃபைல்கள் பகிரும் மதிப்புக்கு எக்ஸ்டர்ன்தான். ஹெடரில் ஸ்டாட்டிக் வேண்டுமென்றால் கூடவே, மதிப்பை மாற்ற விடாத கான்ஸ்ட்டும் போடுங்கள்.